காளான் தண்ணி விட்டா விடட்டும்: ஜப்பான் ஸ்டைல் பாஸ்தா, வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, ஜப்பான்ல சோயா சாஸும் வெண்ணெயும் போட்டு செய்ற காளான் ஸ்பகெட்டி பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கேள்விகளே இந்த இதழுக்கு முழுசா போதும்னு ஆகிடுச்சு, அதனால இந்த வாட்டி வேற எதுவும் இல்ல, இதுதான். ஒரே மாதிரி கேட்டவங்களோட கேள்விய ஒண்ணா சேர்த்திருக்கேன், உங்க வரி அப்படியே வரலன்னா கோச்சுக்காதீங்க.

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே காளான், சோயா சாஸ், வெண்ணெய்னு போட்டுத்தான் செஞ்சேன். காளான் சவசவன்னு வெந்துபோச்சு, தட்டுக்கு அடியில பழுப்புத் தண்ணி நிக்குது, பாஸ்தாவுல ருசியே ஒட்டல. முழு செய்முறையும் கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

பிரச்சனை சோயா சாஸ்ல இல்லமா, தண்ணியில இருக்கு. காளான்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான், அது சூடு பட்டதும் வெளிய வரும், வந்துதான் ஆகணும். அந்தத் தண்ணி வத்துறதுக்கு முன்னாடியே நாம சோயா சாஸ ஊத்திட்டா காளான் அதுலயே வேகுமே தவிர செவக்காது. செவக்காத காளானுக்கு வாசனை வராது. இந்த டிஷ்ல தக்காளி இல்ல, சீஸ் இல்ல, க்ரீம் இல்ல, அப்போ வாசனைக்கு காளானை விட்டா வேற ஆளே கிடையாது, அது சொதப்பினா மொத்தமும் சொதப்பல்தான்.

ரெண்டு பேருக்கு சொல்றேன். ஸ்பகெட்டி 180லேர்ந்து 200 கிராம், காளான் 250 கிராம் (ரெண்டு மூணு வகை கலந்தா ரொம்ப நல்லது), எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பூண்டு ஒரே ஒரு பல், காஞ்ச மிளகாய் ஒண்ணு, வெண்ணெய் 20 கிராம், சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, மிரின் (அரிசியில செய்ற இனிப்பான ஜப்பான் சமையல் மது) ஒரு மேசைக்கரண்டி, மேல தூவ வெங்காயத்தாளும் நோரியும் (தாள் மாதிரி காயவச்ச கடல்பாசி). அவ்ளோதான் லிஸ்ட். பூண்ட ஆர்வத்துல அள்ளிப் போடாதீங்க, அது முன்னாடி வந்து நின்னுட்டா காளான் காணாமப் போயிடும்.

பெரிய ஃப்ரையிங் பேன் எடுங்க, 26 சென்டிமீட்டராவது இருக்கட்டும். சின்ன பேன்ல 250 கிராம் காளானையும் குவிச்சா கீழ இருக்கறது வேகும் மேல இருக்கறது ஆவியில அவியும், சின்ன பேன்தான் இருக்குன்னா ரெண்டு ஈடா வறுத்துக்கோங்க. முதல்ல லேசான தீயில எண்ணெய்ல நசுக்கின பூண்டும் மிளகாயும் போட்டு வாசனை வந்ததும் எடுத்து ஓரமா வச்சிடுங்க, அங்கயே விட்டா கருகி கசக்கும். இப்போ தீய நல்லா கூட்டி காளானப் பரத்திப் போட்டுட்டு, கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. கிளறக் கூடாது. உப்பும் போடக் கூடாது.

இந்த இடத்துல காதக் கொடுத்துக் கேளுங்க, நிஜமாவே சத்தம்தான் வழிகாட்டும். முதல்ல சுர்ருனு ஒரு சத்தம், ஒரு நிமிஷம் கழிச்சு அது அடங்கி சளசளன்னு கொதிக்கிற சத்தமா மாறும், அப்போ தண்ணி விடுதுன்னு அர்த்தம், பயந்துபோய் தீயக் குறைச்சிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த சளசளப்பு நின்னு மறுபடியும் காஞ்ச சத்தம், படபடன்னு வரும். அப்பதான் முதல் தடவையா திருப்பணும். அடிப்பக்கம் பொன்னிறம் தாண்டி பழுப்பா இருக்கும், அளவுல பாதியா சுருங்கியிருக்கும், ஓரமெல்லாம் லேசா மொறுமொறுன்னு சுருண்டிருக்கும். காளானோட செல் சுவர் கைட்டின்ங்கிற பொருளால ஆனது, அது காய்கறி மாதிரி சூட்டுல குழையாது, அதனால கூட ரெண்டு நிமிஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. தைரியமா விடுங்க.

இதுக்குள்ள பக்கத்து அடுப்புல பாஸ்தா வெந்துட்டு இருக்கணும், பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே எடுத்துடுங்க. வேகவச்ச தண்ணிய கொட்டிடாதீங்க, ஒரு கப் எடுத்து வச்சுக்கோங்க. காளான் செவந்ததும் மிரின ஊத்தி அரை நிமிஷம் கொதிக்கவிட்டு, சோயா சாஸ காளான் மேல ஊத்தாம பேனோட ஓரத்துல, காலியா சூடா இருக்கற இடத்துல ஊத்துங்க. அது அங்க நுரைச்சு பொங்கி லேசா கருகும்போது ஒரு வாசனை வரும் பாருங்க, பாட்டில்ல மோந்து பாத்தா வராத வாசனை அது. உடனே பாஸ்தா, பாஸ்தா தண்ணி அரை குழிக்கரண்டி, எடுத்து வச்ச பூண்டு மிளகாய், எல்லாம் போட்டு ஒரு நிமிஷம் பிரட்டிட்டு, அடுப்ப அணைச்ச பிறகு வெண்ணெய். அணைச்ச பிறகுதான். கொதிக்கிற பேன்ல போட்டா வெண்ணெய் உருகி எண்ணெயா பிரிஞ்சு தட்டுல மிதக்கும், அணைச்சுட்டு வேகமா குலுக்கினா பாஸ்தா தண்ணியில இருக்கற மாவுச்சத்தோட சேர்ந்து கெட்டியா பளபளன்னு ஒவ்வொரு இழையிலயும் ஒட்டிக்கும். நீங்க சொன்ன "ருசியே ஒட்டல"ங்கிறதுக்கு மருந்து இதுதான்.

ஜப்பான்லயே சிலர் வறுக்காம கொஞ்சம் சாகே (அரிசி மது) ஊத்தி மூடிவச்சு ஆவியில வேகவைப்பாங்க, அது மெல்லிசா சாறோட இருக்கும், அதுவும் ஒரு ருசி. ஆனா முதல் முதலா செய்றவங்களுக்கு நான் வறுக்கறததான் சொல்வேன்.

மேடம், ஷிமேஜி, மைடாகே எல்லாம் எனக்குக் கிடைக்காது. பட்டன் காளான்ல செய்யலாமா?

தாராளமா செய்யலாம். ஆனா எது எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா கிடைக்கறத வச்சு சமாளிக்கலாம். ஷிடாகேக்கு வாசனை ஜாஸ்தி, அதான் சாறுக்கு அடிப்படை. ஷிமேஜி சின்னச் சின்னதா கொத்தா வரும், கடிச்சா நறுக்குன்னு இருக்கும். மைடாகே இலை அடுக்கின மாதிரி விரியும், ஓரம் சீக்கிரம் மொறுமொறுக்கும், எனக்கு இந்த டிஷ்ல ரொம்ப பிடிச்சது அதுதான், ஆனா சாற கருப்பாக்கிடும். எரிங்கி தடி தண்டு, அதுல வாசனைய விட கடிக்கிற சுகம்தான். எனோகி நூல் நூலா இருக்கும், ஸ்பகெட்டியோட பின்னிக்கும்.

ஜப்பான்ல காளானுக்கு சீசன்னா இலையுதிர் காலம்தான், அப்போ சாப்பாட்டுக் கடைங்கள்ல எல்லாம் காளான் பாஸ்தா மெனுவுல ஏறிடும். ஆனா ஷிமேஜியும் எனோகியும் நாகானோ மாகாணத்துல உள்ளரங்குல பாட்டில்ல வளர்க்கறாங்க, அதனால வருஷம் முழுக்க கிடைக்குது. எனோகி அவ்ளோ வெள்ளையா இருக்கறதுக்குக் காரணம் வெளிச்சம் படாம வளர்க்கறதுதான், காட்டுல தானா முளைக்கறது பழுப்பா குட்டையா இருக்கும்.

உங்களுக்கு பட்டன்தான்னா அத கால் கால் துண்டா வெட்டுங்க, மெல்லிசா சீவினா வறுக்கறதுக்குள்ள ஒண்ணுமில்லாம போயிடும். கூட சிப்பிக் காளான் கிடைச்சா கையால கிழிச்சுப் போடுங்க, கத்தி வேண்டாம், கிழிச்ச சொரசொரப்புல சாஸ் நல்லா ஏறும். அதோட ரெண்டு மூணு காஞ்ச ஷிடாகே ஊறவச்சு சேத்துட்டீங்கன்னா யாருக்கும் குறை தெரியாது. காஞ்சது மாசக்கணக்குல கெடாது, ஒரு தடவ வாங்கி வச்சா போதும்.

காளானை கழுவணுமா வேண்டாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பாக்கெட்ல வர்ற ஷிமேஜி, எனோகி, மைடாகே எதையும் ஜப்பான்ல பெரும்பாலும் கழுவ மாட்டாங்க, அடித்தண்ட வெட்டிட்டு பிரிச்சு அப்படியே பேன்ல. மண்ணு ஒட்டியிருந்தா ஈரத் துணியால துடைச்சா போதும். ரொம்ப அழுக்கா இருந்தா வேகமா ஒரு அலசு அலசி உடனே துடைச்சிடுங்க, தண்ணியில ஊறவிடறதுதான் கூடாது. ஷிடாகே தண்ட தூக்கிப் போடாதீங்க, கடைசி கட்டை நுனிய மட்டும் நீக்கிட்டு மீதிய நார் நாரா கிழிச்சு சேர்த்துடுங்க.

அக்கா, ருசி நல்லாத்தான் இருந்துச்சு ஆனா உப்பு! சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தோம். வீட்ல மாமனாருக்கு பிரஷர் வேற இருக்கு.

இது நிறைய பேருக்கு நடக்குது, ஏன்னா "பாஸ்தா தண்ணி கடல் தண்ணி மாதிரி உப்பா இருக்கணும்"னு எங்கயோ கேட்டு மனசுல பதிஞ்சிருக்கு. இத்தாலியன் சமையல்லயே வழக்கமான கணக்கு 1 லிட்டருக்கு 10 கிராம் உப்புதான், அதாவது ஒரு சதவீதம், கடல் தண்ணி அதவிட மூணு மடங்குக்கு மேல. நம்ம டிஷ்ல அந்த ஒரு சதவீதமும் ஜாஸ்தி, ஏன்னா உப்பு இங்க மூணு வழியா உள்ள வருது: வேகவைக்கிற தண்ணி, சோயா சாஸ், கடைசியா ஊத்துற பாஸ்தா தண்ணி. உப்பு போட்ட வெண்ணெய்னா நாலு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஜப்பானிய சாதா சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில சுமார் இரண்டரை கிராம் உப்பு இருக்கு, அப்போ ரெண்டு பேருக்கான ஒன்றரை கரண்டியில கிட்டத்தட்ட 4 கிராம் வந்தாச்சு, ஆளுக்கு 2. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால தண்ணியில 1 லிட்டருக்கு 5 கிராம் போதும், மாமனாருக்குன்னா தண்ணியில உப்பே போடாம செய்ங்க, நிஜமாவே குறை தெரியாது. சோயா சாஸயும் ஒரு மேசைக்கரண்டியா குறைச்சு, கடைசியில எலுமிச்சை சாறு கொஞ்சம் பிழிஞ்சுட்டா புளிப்பு அந்த இடத்த நிரப்பிடும். மருத்துவர் இவ்ளோதான்னு அளவு சொல்லியிருந்தா அதுதான் முதல்ல.

இன்னொண்ணு. உசுகுச்சின்னு வெளிர் நிறத்துல ஒரு சோயா சாஸ் வரும், கலர் கம்மியா இருக்கேன்னு அதுல உப்பும் கம்மின்னு நெனச்சு வாங்கறாங்க. நேர்மாறு. சாதா கொய்குச்சியில உப்பு சுமார் 16 சதவீதம்னா இதுல 18, 19 வரைக்கும் போகும்.

நாங்க சைவம். தாஷி பவுடர் போட்டாதான் ஜப்பான் ருசி வரும்ங்கிறாங்க, அது சைவம்தானா? இல்லன்னா அதுக்கு பதில் என்ன?

நல்ல வேளை கேட்டீங்க. தாஷின்னா மீன், கடல்பாசி, காளான் மாதிரி எதையாவது ஊறவச்சோ கொதிக்கவச்சோ எடுக்கற சாறு, ஜப்பான் சமையலுக்கு அடிப்படை. கடையில வர்ற இன்ஸ்டன்ட் தாஷி பவுடர்ல பெரும்பாலானது கட்சுவோபுஷி கலந்தது, அதாவது காயவச்சு புகைபோட்ட மீன். பாக்கெட் முன்பக்கத்துல மீன் படம் இல்லன்னாலும் பின்னாடி பொருள்பட்டியல படிச்சே ஆகணும். கோம்பு தாஷி, ஷிடாகே தாஷின்னு தனியாவும் வருது, அதுலயும் சிலதுல மீன் சாறு சேர்ப்பாங்க, கவனம்.

ஆனா உங்களுக்கு அந்த பவுடரே தேவையில்ல, இத நான் ஆறுதலுக்காக சொல்லல. 1908ல டோக்கியோவுல கிகுனாயே இகேடாங்கிற வேதியியல் பேராசிரியர், கோம்புங்கிற கடல்பாசிய கொதிக்கவச்ச சாறுல இருக்கற அந்த ருசிக்கு காரணம் குளுட்டமேட்னு பிரிச்செடுத்துக் காட்டினார், உமாமின்னு பேர் வச்சதும் அவர்தான். 1913ல அவரோட சீடர் ஷின்டாரோ கோடாமா காஞ்ச மீன்ல இருக்கறது இனோசினேட்னு கண்டுபிடிச்சார். அப்புறம் 1957ல அகிரா குனினாக்கா ஷிடாகேல இருக்கற குவானிலேட்ட கண்டுபிடிச்சார், அவரே இன்னொரு விஷயத்தயும் காட்டினார்: குளுட்டமேட்டும் குவானிலேட்டும் ஒண்ணா சேர்ந்தா ருசி கூட்டல் கணக்குல போகாது, பெருக்கல் கணக்குல போகும். மீனுக்கும் அதே கணக்குதான். ஆக, மீன் செய்ற வேலைய ஷிடாகே செய்யும். ஜப்பான்ல புத்த மடங்கள்ல சமைக்கிற ஷோஜின் சாப்பாட்டுல கோம்புவும் காஞ்ச ஷிடாகேயும்தான் தாஷி, மீன் பக்கமே போக மாட்டாங்க.

இன்னும் சுலபம் என்னன்னா சோயா சாஸ்லயே குளுட்டமேட் நிறைய இருக்கு. காஞ்ச ஷிடாகே ஊறின தண்ணி கால் கப்பும் சோயா சாஸும் பேன்ல சேர்ந்தாலே நீங்க தேடற ருசி வந்துடும். கோம்பு கிடைச்சா ஒரு சின்னத் துண்ட அதே தண்ணியில கூட ஊறப்போடுங்க, கொதிக்கவிடாம எடுத்துடுங்க, கொதிச்சா வழவழன்னு ஆகி கடல் வாடை தூக்கும்.

காஞ்ச ஷிடாகேயை சுடுதண்ணியில ஊறவச்சேன், சீக்கிரம் ஊறிடுச்சு ஆனா தண்ணி லேசா கசக்குது, ருசியும் பெருசா இல்ல.

சுடுதண்ணிதான் காரணம் தம்பி. பச்சைத் தண்ணியில போட்டு ஃப்ரிட்ஜ்ல ராத்திரி முழுக்க வச்சிடுங்க, காலையில எடுத்தா மெத்துன்னு இருக்கும். குவானிலேட்டு காளான்ல ரெடியா உக்காந்திருக்கறதில்ல, ஊறின காளான சூடாக்கும்போதுதான் அதுல இருக்கற நொதி அத உண்டாக்குது, வெந்நீர்ல தொபுக்குனு போட்டா அந்த நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. குளிர்ந்த தண்ணியில மெதுவா ஊறி, அப்புறம் அடுப்புல நிதானமா சூடேறணும். ஊறின தண்ணிய வடிகட்டி உபயோகிங்க, அடியில மண்டி நிக்கும்.

வாங்கும்போது ரெண்டு வகை பாப்பீங்க. டொன்கோன்னா குடை விரியாம தடிமனா இருக்கும், ஊறவே நேரம் எடுக்கும். கோஷின்னா குடை விரிஞ்சு மெல்லிசா இருக்கும், பாஸ்தாவுக்கு இதுவே போதும். ஜப்பான்ல காஞ்ச ஷிடாகேக்கு பேர்போன இடம் ஒய்டா மாகாணம், அங்கதான் நாட்டுலயே அதிகமா விளையுது.

மிரின், சாகே ரெண்டுலயும் ஆல்கஹால் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நாங்க சேர்க்க மாட்டோம். விட்டுடலாமா?

ஆமா, அசல் மிரின்ல சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கு, கொதிக்கவச்சாலும் முழுசா போயிடும்னு நான் உறுதி கொடுக்க மாட்டேன். சாகேய விட்டுடுங்க, ஒண்ணும் குறையாது. மிரினுக்கு பதிலா சர்க்கரை ஒரு சின்ன ஸ்பூன் ஒரு மேசைக்கரண்டி தண்ணியில கரைச்சு அதே நேரத்துல ஊத்துங்க. சோயா சாஸோட முரட்டு உப்ப கொஞ்சம் தணிக்கறதுதான் இங்க மிரினோட முக்கிய வேலை, அத சர்க்கரை செஞ்சிடும். சில சோயா சாஸ்லயும் பதப்படுத்த கொஞ்சம் ஆல்கஹால் சேர்ப்பாங்க, முழுக்க தவிர்க்கறவங்கன்னா அந்த லேபிளையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

இது அசல் ஜப்பான் சாப்பாடா, இத்தாலியன கலந்து யாரோ கிளப்பி விட்டதா? என் தம்பி இத "பாஸ்தாவுக்கு அவமானம்"ங்கிறான்.

தம்பிகிட்ட சொல்லுங்க, ஜப்பான் ஸ்டைல் ஸ்பகெட்டிக்கு எழுபது வருஷத்துக்கு மேல சரித்திரம் இருக்குன்னு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட யோகோஹாமாவுல ஹோட்டல் நியூ கிராண்ட அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிச்சு, அங்க சிப்பாய்ங்க ஸ்பகெட்டியில கெட்சப் போட்டு சாப்பிடறத பாத்த ஷிகெதாடா இரியேங்கிற சமையல்காரர் தக்காளி வச்சு அத மேம்படுத்தினார், அதுலேர்ந்துதான் நாபோரிடன்ங்கிற ஜப்பான் கெட்சப் ஸ்பகெட்டி வந்துச்சுன்னு பரவலா சொல்லப்படுது. 1953ல டோக்கியோவுல கபே நோ அனான்னு ஒரு ஸ்பகெட்டி கடை ஆரம்பிச்சாங்க. 1955ல இத்தாலி மெஷின் வச்சு ஜப்பானுக்குள்ளயே பாஸ்தா தயாரிக்க ஆரம்பிச்சதும் அது சாதாரண வீடுகளுக்கும் வந்துச்சு.

கபே நோ அனா கதைதான் எனக்கு ரொம்ப பிடிக்கும். அங்க வாடிக்கையா வர்ற ஒரு இசைக்கலைஞர் வெளிநாட்டுலேர்ந்து கேவியார் கொண்டுவந்து இத ஸ்பகெட்டியில போட்டுத் தாங்கன்னு கேட்டாராம். ருசி பிரமாதம், ஆனா விலை கட்டுப்படியாகாதே, அதனால அதுக்கு பதில் தாராகோ, அதாவது உப்புல ஊறவச்ச மீன் முட்டை போட்டுப் பாத்தாங்க, 1960கள்ல பொறந்த தாராகோ ஸ்பகெட்டி இன்னிக்கு நாடு முழுக்க இருக்கு. அந்தக் கடை அதோட நிக்கல, சாதத்துக்கு எதெல்லாம் நல்லா இருக்குமோ அதையெல்லாம் ஸ்பகெட்டிக்கும் போட்டுப் பாக்கறதுதான் அவங்க வழியாவே ஆச்சு. சோயா சாஸ், நோரி, ஷிசோங்கிற வாசனை இலை, நட்டோங்கிற புளிக்கவச்ச சோயா, காளான்னு எல்லாம் அந்த வரிசையில வந்ததுதான். யோமென்யா கோஎமோன்னு ஒரு பெரிய ஸ்பகெட்டி கடைத்தொடர்ல சாப்பிட ஃபோர்க்குக்கு பதிலா சாப்ஸ்டிக்தான் வைப்பாங்க.

அதனால இது இத்தாலியன ஒழுங்கா செய்யத் தெரியாம செஞ்சது கிடையாது. வேற ஒரு சமையல் ஒரு நல்ல நூடுல்ஸ எடுத்துக்கிட்டு, தன்னோட ருசியில யோசிச்சு செஞ்சது. இத நல்லா செய்ய பாஸ்தாவும் தெரிஞ்சிருக்கணும் சோயா சாஸும் தெரிஞ்சிருக்கணும், அவமானம்னு சொல்றதுக்கு முன்னாடி தம்பி ஒரு தட்டு சாப்பிட்டுப் பாக்கட்டும்.

எந்த தடிமன் ஸ்பகெட்டி வாங்கணும்?

ஜப்பான்ல பாக்கெட் மேலயே மில்லிமீட்டர் போட்டிருக்கும், 1.6 இல்ல 1.7 வாங்குங்க. ரொம்ப மெல்லிசா இருந்தா காளானோட கடிக்கு ஈடு கொடுக்காது. பென்னே, மக்ரோனியெல்லாம் இதுக்கு வேண்டாம், இந்த சாஸ் மெல்லிசு, நீளமான இழையிலதான் பூசிக்கும்.

கோதுமை ஒத்துக்காதவங்க என்ன செய்யலாம்? சோபா நூடுல்ஸ் போடலாமா?

சோபாவுல பக்வீட்ங்கிற தானியத்தோட கோதுமையும் கலந்து வர்றதுதான் அதிகம், நூறு சதவீதம் பக்வீட்னு எழுதியிருந்தா மட்டும் வாங்குங்க. அதவிட நிறைய பேர் மறக்கறது சோயா சாஸ, சாதா சோயா சாஸ் கோதுமை சேர்த்துதான் புளிக்கவைக்கறாங்க. தமாரிங்கிற சோயா சாஸ் வகையில கோதுமை இல்லாதது கிடைக்கும், ஆனா எல்லா தமாரியும் அப்படி இல்ல, லேபிள் பாக்காம எடுக்காதீங்க.

சீஸ் துருவிப் போடலாமா? நல்லெண்ணெய்? க்ரீம்?

மூணுக்கும் சேர்த்து சொல்லிடறேன். சீஸ் வேண்டாம்னு சண்டை போட மாட்டேன், ஆனா முதல் தடவை இல்லாம சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வறுத்த எள் எண்ணெய் போட்டா அந்த வாசனை மட்டும்தான் மிஞ்சும், வேணும்னா இறக்கினதும் நாலு சொட்டு. க்ரீம் ஜப்பான்லயும் உண்டு, காளான் க்ரீம் ஸ்பகெட்டி அங்க ரொம்ப பிரபலம்தான், சில பேர் க்ரீமுக்கு பதிலா சோயா பால் ஊத்துவாங்க. சோயா பால்னா தீய நல்லா குறைச்சுடுங்க, கொதிச்சா திரிஞ்சுடும், சோயா சாஸ கடைசியில சேருங்க, அந்த உப்பும் புளிப்பும் சேர்ந்து அத திரிக்கும். மைடாகே போட்டா வெள்ளை சாஸ் சாம்பல் கலராகிடும், ருசிக்கு ஒண்ணும் இல்ல, பாக்கத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

நோரி போட்டதும் சுருங்கி ஈரமாகி தொண்டையில ஒட்டுது. ஷிசோ இலையும் கிடைக்கல, துளசி போடலாமா?

நோரிய கத்திரிக்கோலால மெல்லிசா நறுக்கி தனியா ஒரு கிண்ணத்துல வச்சு, சாப்பிட உக்காந்த பிறகு அவங்கவங்க தூவிக்கட்டும். அடுப்படியில தூவி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆவி அத நனைச்சுடும். ஷிசோவுக்கு அப்படியே மாத்து கிடையாது, துளசியோ புதினாவோ போட்டா அது வேற டிஷ் ஆயிடும். வெங்காயத்தாள் பச்சைப் பகுதிய பொடியா நறுக்கி தண்ணியில அலசி, பிழிஞ்சுட்டு தூவுங்க, காரம் வேணும்னா ஷிச்சிமி தூள் (ஏழு பொருள் கலந்த ஜப்பான் மிளகாய்ப் பொடி), இல்ல மிளகு.

குழந்தைக்கு மறுநாள் டிபன் பாக்ஸ்ல கட்டலாமா? காளான் மிச்சமானா எப்படி வைக்கிறது?

கட்டலாம், ஆனா ராத்திரி செஞ்சதயே கட்டணும்னா சீக்கிரம் ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு காலையில நல்லா கொதிக்கச் சூடாக்கி, மறுபடி ஆறின பிறகு மூடுங்க. ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு சூடாக்கினா ஒட்டாம பிரியும். அதவிட நல்லது காளான மட்டும் ராத்திரியே வறுத்து வச்சுக்கிட்டு காலையில பாஸ்தாவ வேகவச்சு பிரட்டறது.

மிச்ச காளான ஃப்ரீசர்ல போடுங்க, தயங்கவே தயங்காதீங்க. பிரிச்சு, ரெண்டு மூணு வகையா கலந்து, பையில தட்டையா பரப்பி வச்சிடுங்க, ஜப்பான்ல வீடுகள்ல இது சகஜம். உறையும்போது உள்ள இருக்கற தண்ணி பனியாகி செல் சுவர உடைக்கும், அதனால சமைக்கும்போது சாறும் ருசியும் சுலபமா வெளிய வரும். வெளிய எடுத்து உருகவிடாதீங்க, கல்லு மாதிரியே சூடான பேன்ல கொட்டுங்க. புதுசவிட தண்ணி அதிகமா விடும், வத்த இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், மொறுமொறுப்பும் அவ்ளோ வராது, அதனால இத சாறோட இருக்கற மாதிரி செஞ்சுக்கோங்க.

எனோகியை பச்சையா சாலட்ல போட்டு வீடியோல பாத்தேன், பாஸ்தா மேலயும் அப்படியே தூவலாமா?

வேண்டாம். எனோகிய பச்சையா சாப்பிடாதீங்க, அமெரிக்காவுல எனோகியால லிஸ்டீரியா கிருமி பரவி உயிரிழப்பே ஆயிருக்குன்னு 2020ல தெரியவந்துச்சு, கர்ப்பிணிங்களுக்கும் வயசானவங்களுக்கும் அது ரொம்ப ஆபத்து. ஷிடாகேயும் அப்படித்தான், பச்சையாவோ அரைவேக்காடாவோ சாப்பிட்டா சிலருக்கு முதுகு வயிறெல்லாம் சாட்டையால அடிச்ச மாதிரி கோடு கோடா தடிச்சு அரிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுக்கூட வரும், அதனால காரணம் ஷிடாகேதான்னு பலருக்குத் தோணறதே இல்ல. எனோகிய பிரிச்சு மத்த காளான் எல்லாம் செவந்த பிறகு பேன்ல போட்டு முழுசா துவளுற வரைக்கும் வதக்குங்க, ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், பாக்கெட்ட தொட்ட கையையும் வெட்டின பலகையையும் சோப்பு போட்டு கழுவிட்டு அப்புறமா வெங்காயத்தாள நறுக்குங்க.